குடிநீர்க் கப்பல்

அது சினிமா இல்லைக்கா, கேம். எட்டி எட்டிப் பாத்தா கழுத்துதான் வலிக்கும், இந்தாங்க, கையில வாங்கியே பாருங்க. வெள்ளையா, நீளமா ஒண்ணு நிக்கிதுல்ல? விண்வெளிக் கப்பல். நான் கட்டினது. பேரு ஆம்பல். இது போன வருஷம் எடுத்த படம்.

சிரிக்காதீங்க. முப்பத்தோரு வயசுப் பொம்பளை கப்பல் விட்டுக்கிட்டுத் திரியிறாளேன்னுதானே நினைக்கிறீங்க? எங்கம்மாவும் அதத்தான் நினைக்குது. உங்களுக்குப் புரியிற மாதிரியே சொல்றேன். இப்பத்தான் ரயில் திண்டுக்கல்லு தாண்டியிருக்கு, தாம்பரம் வரைக்கும் பொழுது போகணும்ல.

இந்தக் கேம்ல நம்ம ஒரு ஆளா உள்ள போகணும். வியாபாரியா, கொள்ளைக்காரியா, சும்மா ஊர் சுத்துறவளா, என்னவா வேணா இருக்கலாம். கிரகம் கிரகமா போகலாம், சண்டை போடலாம், சரக்கு ஏத்தலாம். அதெல்லாம் சின்னப்புள்ளைங்க வேலை. அசல் வேலை கப்பல் கட்டுறதுலதான் இருக்கு. பட்டறைன்னு ஒரு இடம் உண்டு. அங்க இன்ஜின், எரிபொருள் டாங்கி, ஓட்டுறவங்க உக்கார்ற அறை, படுக்கிற அறை, சரக்கு அறை, தரையில ஊனுற காலு, பூராம் தனித்தனியா கெடக்கும். நம்மதான் எடுத்துப் பொருத்தணும். எடை சரியா வரணும், பறக்கணும், பாக்கவும் ஒரு லட்சணம் இருக்கணும். அந்தக் கடைசி விஷயம்தான் நூத்துல தொண்ணூறு பேருக்கு வராது. வீடு மாத்துறப்ப குட்டியானை வண்டியில பீரோவையும் கட்டிலையும் ஏத்திக் கயிறு போடுவாங்கள்ல, அந்த மாதிரி ஏத்திவச்சிட்டு அதைக் கப்பல்ங்குவாங்க.

எனக்கு வரும். வராம? பதினோரு வருஷமா மதுரையில பில்டிங் பிளான் வரையிறேன். அண்ணாநகர்ல ஆபீஸ். அங்க வர்ற கூட்டத்தைப் பாக்கணுமே! முப்பதுக்கு நாப்பது மனையை வச்சிக்கிட்டு நாலு பெட்ரூம் கேப்பான். கார் உள்ள வரணும்பான். பூஜை ரூம் ஈசானி மூலையிலதான்னு மாமியார் அடம் பிடிக்கும். வரைஞ்சு குடுத்தா அதுல பாதியைக் கொத்தனார் மாத்திருவான். முன்னாடி ஒரு சிமிட்டி மயில் வேற வைப்பாங்க. நாள் பூரா மத்தவன் வீட்டுக்குக் கக்கூஸ் எங்க வரணும்னு வரையிறவளுக்கு, ஒரே ஒரு பொருளாவது யாரும் கைவைக்காம, கோடு பிசகாம இருக்கணும்னு தோணாதா? அதுக்குத்தான் ஆம்பல். நாலு மாசம் கட்டினேன்.

எங்க குரூப்ல பதினாறு பேர். பூராம் தமிழ் ஆளுங்க. யாழ்ப்பாணத்துல நிரோஷன்னு ஒருத்தர், அவர்தான் குரூப்பை நடத்துறவர். ஈரோட்ல ஒரு பல் டாக்டர், கனடாவுல அக்கா தங்கச்சி ரெண்டு பேர், இப்படி. மாசா மாசம் கப்பல் கண்காட்சி வைப்போம். ஓட்டுப் போட்டு ஒரு கப்பலை எடுப்போம். ஆறு மாசம் தொடர்ந்து ஆம்பல்தான். மத்தவங்க கப்பலெல்லாம் நான் சொல்ல வேண்டியதே இல்லை. அந்த டாக்டர் கட்டினது ஒண்ணு, கடவாய்ப் பல்லை வேரோட புடுங்கி வச்ச மாதிரியே இருக்கும்.

தை மாசம் புதுசா ஒருத்தன் வந்து சேந்தான். கேம்ல அவன் பேரு என்னன்னு கேளுங்க. தண்ணிவண்டி. பேரே அப்படின்னா ஆளு எப்படி இருப்பான்? குடிகாரன்னே முடிவு பண்ணிட்டோம். அப்புறம் கண்காட்சியில அவன் கப்பல் வந்து நின்னுச்சு.

அக்கா, நான் பொய் சொல்லலை. தண்ணி லாரி. அப்படியே தண்ணி லாரி! உருளை உருளையா எட்டு டாங்கி. பச்சைப் பெயின்ட், நடுவுல மஞ்சப் பட்டை. நெத்தியில செல்லியம்மன் துணை. பக்கவாட்டுல, இம்மாம் பெரிய எழுத்துல, குடிநீர். பின்னாடி ஏறுறதுக்கு ஒரு ஏணி. ஏணிக்குக் கீழ, ஒலி எழுப்பவும். விண்வெளியில ஏதுக்கா ஒலி? அங்க காத்தே கிடையாதே! எவன் வந்து ஒலி எழுப்புவான், இவன் எந்தக் காதுல கேப்பான்?

எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கலை. எனக்குக் கோவம்தான் வந்துச்சு. ஆம்பல் பக்கத்துல அதைக் கொண்டாந்து நிப்பாட்டியிருக்கான். உக்காந்து பதினோரு குத்தம் எழுதிப் போட்டேன். எடை பின்னாடி சாயுது, முன்கால் ரெண்டும் ஒரே உசரம் இல்லை, நிறம் கண்ணைக் குத்துது, இப்படி நம்பர் போட்டு. அதுக்கு அவன், "சரிங்க மேடம், பாக்குறேன்"னு ஒத்தை வரி. அடுத்த வாரம் பாத்தா பத்தைச் சரி பண்ணியிருக்கான். நான் சொன்னபடியே, ஒண்ணு விடாம. பதினொண்ணாவது ஏணி. அது மட்டும் அங்கனயே இருக்கு.

"ஏணியை ஏன் எடுக்கலை?"ன்னு கேட்டேன்.

"மேல ஏறி மூடி தொறக்கணும்ல மேடம்."

"விண்வெளியில எந்த மூடியைத் தொறப்பீங்க?"

"ஏணி இல்லாத டாங்கி பாத்தா மனசு ஒரு மாதிரி இருக்குங்க."

மனசு ஒரு மாதிரி இருக்காம். இவனுக்கு மனசு வேற.

பேரு தணிகைவேல். தாம்பரத்துக்கு அங்கிட்டு எங்கயோ வீடு. உண்மையிலயே தண்ணி லாரி ஓட்டுறவன். அது எனக்குப் பின்னாடிதான் தெரிஞ்சுச்சு. எப்படித் தெரிஞ்சுச்சுன்னா, அதுக்கு அந்த ஞாயித்துக்கிழமையைச் சொல்லணும்.

மாசி மாசம் எல்லாரும் சேந்து ஒரு பெரிய பயணம் போனோம். கேம் வரைபடத்துல கடைசியா ஒரு நட்சத்திரம் இருக்கு, அது வரைக்கும் போய்த் திரும்பணும். எங்க குரூப்ல ஒரு விதி உண்டு. கப்பல் போச்சுன்னா போச்சு. திரும்பக் கேட்டு வாங்க முடியாது. அதனால எல்லாவனும் டாங்கி டாங்கியா மாட்டிக்கிட்டு வந்தான். நான் ஒண்ணே ஒண்ணுதான் வச்சேன். ரெண்டாவது டாங்கி வச்சா ஆம்பலோட வயித்துப் பக்கம் புடைக்குது. அந்தக் கோடு கெட்டுப் போச்சுன்னா அப்புறம் என்ன கப்பல்?

கணக்கெல்லாம் சரியாத்தான் போட்டிருந்தேன். வழியில வளையம் போட்ட கிரகம் ஒண்ணு வந்துச்சு. வெளிச்சம் பக்கவாட்டுல விழுது. அந்த வளையத்துக்கு முன்னாடி ஆம்பலை நிப்பாட்டி ஒரு படம் எடுக்கலைன்னா நான் மனுசியே இல்லை. கூட்டத்தை விட்டுத் தனியா திரும்பிப் போனேன். படம் நல்லா வந்துச்சு. எரிபொருள் தீந்துபோச்சு. இன்ஜின் குளுந்து விரிசல் விட்டிருச்சு. உள்ள காத்து அம்பது நிமிஷத்துக்குத்தான் இருக்குன்னு சிவப்பு எழுத்து ஓடுது. அது தீந்தா ஆளும் போச்சு, கப்பலும் போச்சு.

உதவியெல்லாம் நான் கேக்கலை. இந்த மாதிரி நிலைமைன்னு குரூப்ல சொன்னேன், அம்புட்டுத்தான். அதுவும் இருபது நிமிஷம் கழிச்சு. ஆளாளுக்கு அய்யோ பாவம்னாங்க. திரும்பி வந்தா அவங்களுக்கு ஊர் போய்ச் சேர எரிபொருள் பத்தாது. நிரோஷன்கூட, "அங்கை, என்னால என்ன செய்ய ஏலும்?"னு கேட்டுட்டுச் சும்மா இருந்துட்டார். என் பேரு அங்கயற்கண்ணி, குரூப்ல அங்கைம்பாங்க. நாலு மாசத்து வேலை. கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து நிமிஷம் குறையிறதைப் பாத்துக்கிட்டே இருக்கேன். எங்கம்மா காப்பி கொண்டாந்து வச்சிட்டு, "எதுக்குடி அழுகுற?"ங்குது. அழுகலை. கண்ணு எரிஞ்சுச்சு.

அப்ப மைக்ல ஒரு குரல். "மேடம், நான் வந்துனு இருக்கேன். கொஞ்சம் ஸ்லோவாதான் வரும் வண்டி. பயப்படாதீங்க."

கடைசி ஆளா, எல்லாருக்கும் பின்னாடி உருட்டிக்கிட்டு வந்தவன் அவன்தானே, அதனால பக்கத்துல இருந்திருக்கான். இதுல பெருமை ஒண்ணும் இல்லை. ஆறு நிமிஷம் பாக்கி இருக்கும்போது அந்தப் பச்சைப் பூதம் வந்து நின்னுச்சு. வந்தவுடனே குழாயை மாட்டினான், காத்து வந்துச்சு. என் இன்ஜின் ஓடாதுன்னு தெரிஞ்சதும் கம்பி போட்டு இழுக்க ஆரம்பிச்சான். "எதுக்கு எட்டு டாங்கி?"ன்னு கேட்டேன். "வழியில யாருக்காச்சும் வேணும்னு கேப்பாங்கல்ல"ன்னான். யார் கேட்டா? நான் கேட்டனா?

பக்கத்து விண்வெளி நிலையத்துக்குப் போய்ச் சேர நாலு மணி நேரம் ஆச்சு. நாலு மணி நேரம்க்கா! ஆம்பல் அந்தத் தூரத்தை இருபது நிமிஷத்துல போகும். காலையில பத்து மணிக்கு இழுக்க ஆரம்பிச்சவன் ரெண்டு மணிக்குத்தான் சேத்தான். அந்த நாலு மணி நேரமும் பேச்சு. மைக்கை அமத்தி வைக்கலாம்தான். மரியாதையா இருக்காதேன்னு விட்டேன்.

என்ன பேசினான்? லாரிதான். விடியும்போது தண்ணி பிடிக்கிற இடத்துல போய் வரிசையில நிக்கணுமாம். முன்னாடி முப்பது வண்டி நிக்கும். சில நாள் மூணு மணி நேரம் ஆகுமாம். அந்த வரிசையில உக்காந்துதான் கேம் ஆடுறானாம். போன்ல. கண்ணாடி உடைஞ்ச போன்ல, கட்டைவிரலால தேய்ச்சுத் தேய்ச்சு அந்தக் கப்பலைக் கட்டியிருக்கான். நான் சொன்ன பத்துக் குத்தத்தையும் அங்க உக்காந்துதான் சரி பண்ணினானாம். நான் ரெண்டு பெரிய திரை வச்சு வேலை பாக்குறவ. போன்ல முன்கால் உசரத்தை ஒரு புள்ளி பிசகாம வைக்கிறதுன்னா... சரி விடுங்க. அதுக்காக அழகாயிருமா?

பெரிய அபார்ட்மென்ட்டுக்குப் போனா தரைக்குக் கீழ இருக்கிற சம்ப் தொட்டியில குழாயை விட்டுட்டு, நிரம்புற சத்தத்தை வச்சே இன்னும் எவ்வளவு பாக்கின்னு சொல்லிருவானாம். தெருவுக்குப் போனா குடத்தோட பொம்பளைங்க நிப்பாங்களாம். கடைசியில நிக்கிறவங்களுக்குத் தண்ணி கிடைக்காமப் போற நாள்ல ராத்திரி சோறு இறங்காதாம். அப்படியே ஒரு கதை. நான் உம் கொட்டிக்கிட்டு இருந்தேன்.

நானும் ஏதோ பேசினேன். என்னத்தப் பேசினேன்... எனக்கு மூணு வருஷத்துக்கு முன்னாடி நிச்சயம் ஆகி, பத்திரிகை அடிச்சப்புறம் நின்னு போச்சு. அதைச் சொன்னேன். பத்திரிகையெல்லாம் இன்னும் பரண்ல கட்டுக் கட்டா கெடக்கு, அதைத் தூக்கிப் போட அம்மாவை விடலை, எதுக்கு விடலைன்னு எனக்கே தெரியலை, அதையும் சொன்னேன். அதை நான் வேற யார்ட்டயும் சொன்னதில்லை. உங்கட்டதான் இப்பச் சொல்றேன். ஏன் அவன்ட்டச் சொன்னேன்னா, சும்மாதான். நேரம் போகணுமே. அவன் ஆறுதல் கீறுதல்னு ஆரம்பிக்கலை. "பரண்லயே இருக்கட்டும் மேடம், அது என்ன சோறா கேக்குது"ன்னான். என்ன பதில் இது? எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. கிறுக்கன்.

நிலையத்துல கொண்டுபோய் விட்டுட்டுப் போறவன் பேசாமப் போக வேண்டியதுதானே? போறப்ப ஆம்பலுக்குள்ள ஒரு தடவை ஏறிப் பாக்கட்டுமான்னு கேட்டான். சரின்னேன். அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தான். அப்புறம் சொல்றான், "கண்ணு பட்டுடும் மேடம், அவ்ளோ அழகா இருக்கு. ஆனா ஒரே ஒரு சீட்டுதான் இருக்கு. யாராச்சும் வந்தா எங்க உக்காருவாங்க?"

யாரு வரப் போறா? யாரு வரணும்? நான் யாரும் உக்கார்றதுக்காகக் கட்டலை. அதைச் சொல்ல இவன் யாரு? நான் மைக்கை அமத்திட்டேன்.

அன்னைக்கு சாயங்காலம் குரூப்ல ஒரே கொண்டாட்டம். தண்ணிவண்டி, தண்ணிவண்டின்னு. இந்த மாசப் பரிசை அந்த லாரிக்கே குடுத்துரலாம்னு கனடாக்காரி ஒருத்தி ஆரம்பிச்சு வைக்கிறா, எல்லாரும் ஆமா ஆமாங்கிறாங்க. இது கப்பல் கண்காட்சி அக்கா, நன்றி சொல்ற கூட்டமா? நியாயத்தைச் சொல்லணும்ல? மூணு நிமிஷம் ஆடியோ போட்டேன். அதுல ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. நிறம் பத்திச் சொன்னேன், வடிவம் பத்திச் சொன்னேன். லாரி ஓட்டுறவனுக்கு லாரிதான் வரும், உடைஞ்ச போன்ல தேய்ச்சா இப்படித்தான் இருக்கும், குடத்தோட நிக்கிறவங்களுக்குப் பரிசு குடுக்கிற இடம் இது இல்லைன்னு சொன்னேன்.

என்னக்கா அப்படிப் பாக்குறீங்க?

அவன் என்ட்டத் தனியாத்தான் சொன்னான், ஆமா. யார்ட்டயும் சொல்லாதீங்கன்னு ஒண்ணும் சொல்லலையே. ரெண்டு பேர் சிரிப்புப் பொம்மை போட்டாங்க. நிரோஷன்தான் எனக்குத் தனியா எழுதினார். "அங்கை, நீர் கதைச்சது பிழை. அந்த மனுசன் உமக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குடுத்தவர்." ஞாயித்துக்கிழமையைக் குடுத்தா? நான் மட்டும் குடுக்கலையா? எனக்கும்தான் அன்னைக்கு ஞாயித்துக்கிழமை.

அவன் அந்த ஆடியோவைக் கேட்டான். கேட்டதுக்கு அடையாளம் வந்துச்சு. குரூப்பை விட்டுப் போயிட்டான். திட்டியிருந்தா நானும் திட்டியிருப்பேன், கணக்கு சரியாப் போயிருக்கும். பேசாமப் போறது எம்புட்டுத் திமிரு பாருங்க.

மூணு நாள் கழிச்சு கேம்ல எனக்கு ஒரு பார்சல் வந்துச்சு. தொறந்தா ரெண்டு டாங்கி. பச்சை டாங்கி. அவன் அந்தக் கப்பலைப் பிரிச்சுட்டான்க்கா. முழுசாப் பிரிச்சு, மத்த சாமானையெல்லாம் யார் யாருக்கோ குடுத்துட்டு, ரெண்டை எனக்கு அனுப்பியிருக்கான். கூட ஒரு குறிப்பு. "மேடம், தூரம் போனா உதவும். உங்களுக்குப் பிடிச்ச கலர் அடிச்சுக்கங்க. தணிகைவேல்."

யாருக்கு வேணும் அவன் டாங்கி? தூக்கிப் போடத்தான் பட்டறைக்குப் போனேன். போனது போனோம், பொருந்துதான்னு பாப்போமேன்னு வயித்துப் பக்கம் மாட்டிப் பாத்தேன். கோடு கெட்டுத்தான் போச்சு. அது மாட்டினப்புறம் உள்ள கொஞ்சம் இடம் கிடைச்சுச்சு. சும்மா கெடக்குதேன்னு இன்னொரு சீட்டைப் போட்டேன். எடை சமமா இருக்கணும்ல, அதுக்காக. பெயின்ட் அடிக்கலை. நேரம் இல்லை. ரெண்டு மாசமா ஆபீஸ்ல வேலை அதிகம். அந்த ரெண்டு மாசமும் கண்காட்சிக்கும் நான் போகலை. அதுவும் நேரம் இல்லாமத்தான். ஞாயித்துக்கிழமையானா காலையில பத்து மணிக்குக் கேம்க்குள்ள போய்ச் சும்மா உக்காந்திருப்பேன். எங்கயும் போகுறதில்லை. மைக்ல சத்தமே இருக்காது. நல்லா நிம்மதியா இருக்கும்.

இப்ப சென்னைக்கு எதுக்கா? அவனைப் பாக்கத்தான். நம்பரை நிரோஷன்ட்ட வாங்கினேன். அவர் லேசுல குடுக்கலை, அவன்ட்டக் கேட்டுட்டுத்தான் குடுத்தார். புதன்கிழமை எழுதினேன். சனிக்கிழமை வைகை எக்ஸ்பிரஸ்ல வர்றேன், தாம்பரத்துல இறங்குவேன், நேர்ல பேசணும்னு. பாத்துட்டான். பதில் இல்லை. வந்து நிப்பானான்னு தெரியாது. நிக்காட்டி என்ன, அடுத்த வண்டியைப் பிடிச்சுத் திரும்பிருவேன். ஆபீஸ்ல லீவு, வீட்ல டிரெயினிங்னு சொல்லியிருக்கேன்.

பேசுறதுக்கு என்ன, அந்த டாங்கியைத் திருப்பிக் குடுக்கணும். ஒருத்தன் பொருளை நம்ம வச்சுக்கக் கூடாது. அப்புறம், சொல்லாமக் கொள்ளாமக் குரூப்பை விட்டுப் போறது என்ன பழக்கம்னு நாலு கேள்வி கேக்கணும்.

என்னது? அதை மதுரையில இருந்தே அனுப்பியிருக்கலாமேவா?

அனுப்பலாம். ஒரு பட்டனை அமுக்கினா போயிரும். ஆனா அது முறையில்லைக்கா. சிலதை நேர்லதான்... உங்களுக்குச் சொன்னாப் புரியாது. நீங்க கேம் ஆடுறவங்க இல்லை.

செங்கல்பட்டு வந்துருச்சா? அதுக்குள்ளயா? உங்கட்டப் பேசுனதுல விழுப்புரம் போனதே தெரியலை. என் முகம் எண்ணெய் வழியுதாக்கா? சும்மா கேட்டேன். அவனுக்காக எதுக்கு.

இருங்க. போன் அடிக்குது.

அவன்தான். பாத்தீங்களா, பயந்துட்டான். இருங்க, இப்பக் கேக்குறேன் பாருங்க.

ஹலோ... ஆமா. அங்கயற்கண்ணிதான்... ஆமாங்க, செங்கல்பட்டுல நிக்கிது... பிளாட்பாரத்துலயா? எப்ப இருந்து? ... அய்யோ, எதுக்குங்க அம்புட்டு நேரம்... இல்ல, இல்ல, வண்டி சரியாத்தான் வந்துக்கிட்டு இருக்கு... ஹலோ? ... கேக்குதா? ... ஒரு நிமிஷம். நான் ஒண்ணு சொல்லணும். நேர்ல சொன்னா வராது, இப்பவே சொல்லிர்றேன். அன்னைக்கு அந்த ஆடியோவுல நான் பேசினது... நான் பேசினது தப்புங்க. பெரிய தப்பு. நீங்க என்ட்ட நம்பிச் சொன்னதை... ஹலோ? ... ஹலோ? ... தணிகைவேல், இருக்கீங்களா?

கட்டாயிருச்சு.

அவரு கேட்டாரா, கேக்கலையான்னே தெரியலைக்கா. எந்த இடத்துல கட்டாச்சுன்னு உங்களுக்குத் தெரிஞ்சுதா? தப்புங்கன்னு சொன்னப்ப லைன் இருந்துச்சா?

சரி, போகட்டும். அந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. இறங்கி இன்னொரு தடவை சொல்லிக்கிறேன்.